மலேரியா சாரின் மருந்து ஃப்ளாப்பி

கம்ப்யூட்டரையும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையும் ஒரே கண்ணால் பார்த்த மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் தெருவில் இருந்தார். மலேரியா சார் என்று பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகமே.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் எங்கள் தெரு. சார் கார்ப்பரேஷனில் மலேரியா இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். காலம் பூராவும் வீடு வீடாகப் போய்க் கிணற்றிலும் தொட்டியிலும் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடியவருக்கு ரிட்டயர் ஆனால் மட்டும் கை சும்மா இருக்குமா? தொண்ணூறுகளின் கடைசி அது. தெருவில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் முளைத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்கும் வைரஸ் வரும் என்று எவனோ அவர் காதில் போட்டுவிட்டான். போதாதா! மறுநாளே டார்ச்சோடு கிளம்பிவிட்டார்.

ஃப்ளாப்பி நுழையும் வாயில் முதலில் டார்ச் அடிப்பார். "இன்னா சார், இம்மாம் தூசி கீது? பூச்சி வராம இன்னா பண்ணும்?" என்று வீட்டுக்காரரை ஒரு முறை முறைப்பார். பிறகுதான் மருந்து. சோதனை முடிந்ததும் கார்ப்பரேஷன் வழக்கப்படி சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுக் கையெழுத்தும் போடுவார். புதிதாக டிஸ்டெம்பர் அடித்த சுவர் என்று அம்மா கதறினாலும் விடமாட்டார்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் அவர் வைத்ததுதான் சட்டம். கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு வரும் இலவச சீடிகளைத் தேடிப் பிடித்து, அதிலிருக்கும் ஆன்டி வைரஸ்களை எல்லாம் முதலில் தம் வீட்டில் ஓட்டிப் பார்ப்பார். ஒரு மாதம் சமர்த்தாக ஓடிவிட்டு அப்புறம் பணம் கேட்கும் ரகத்தை அவருக்குப் பிடிக்காது. "இது ஃப்ரீ இல்ல தம்பி. மொத மாசம் மட்டும் வாடகை கேக்காத வூட்டுக்காரன்" என்று தூக்கி எறிவார்.

ஒருமுறை டபுள் பாதுகாப்பு என்று எங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு மருந்தைச் சேர்த்துப் போட்டுவிட்டார். அது இதை வைரஸ் என்று பிடிக்க, இது அதைப் பிடிக்க, கம்ப்யூட்டர் நட்டு வைத்த கல்லாக நின்றுவிட்டது. சார் அசரவில்லை. "ஒரே ஏரியாவுக்கு ரெண்டு இன்ஸ்பெக்டர் போட்டா இப்டித்தான். ஒருத்தன வூட்டுக்கு அனுப்பு" என்று ஒன்றை அழித்தார். போன மாத மருந்து இந்த மாதக் கொசுவுக்குப் பத்தாது என்று மாதாமாதம் தி.நகர் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் புது மருந்தை ஃப்ளாப்பியில் இறக்கி வருவார்.

அந்த ஃப்ளாப்பிதான் அவருக்கு உசுர். "எவன் ஃப்ளாப்பில வேணா பூச்சி இருக்கும். என்னுதுல இருந்தா மீசைய எடுத்துடறேன்" என்பார். மீசை என்றால் சாதாரண மீசையா அது!

இப்போது என் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நாங்கள் மோட்டார் போட்டுத் தெருத் தண்ணீரை உறிஞ்சுகிறோம் என்று எதிர்வீட்டு மாமாவுக்கு ஆத்திரம். அவரும் மோட்டார் போட்டுத்தான் உறிஞ்சினார். எங்களுடையது பெரிய மோட்டார், அவ்வளவுதான். இந்தச் சண்டைக்கு நடுவே அவர் பெண் கல்பனாவும் நானும் மட்டும் தினமும் பேசிக்கொண்டிருந்தோம். வாயால் இல்லை, ஃப்ளாப்பியால். பஸ் ஸ்டாப்பில் கைமாறும். அதில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். கல்பனா இதைப் படிப்பாள்.

ஒருநாள் மாமா எங்கள் மோட்டார்மேல் புகார் மனு டைப் அடித்துக்கொண்டிருந்தபோது எழுத்தெல்லாம் பொலபொலவென்று திரையின் அடியில் உதிர்ந்து விழுந்தது. அதே வாரம் எங்கள் வீட்டிலும் அதே கூத்து. மாமா தெருவில் இறங்கி மலேரியா சாரைப் பிடித்துக்கொண்டார்.

"பேச்சே இல்லாத ஆத்துலேர்ந்து எங்காத்துக்கு எப்படி ஓய் வைரஸ் வரும்? ஞாயித்துக்கிழமை காலம்பற எல்லார் முன்னாடியும் நீர் சொல்லியாகணும்!"

"ஊத்து எங்க கீதுன்னு கண்டுபுடிக்காம வுடமாட்டேன் சார்" என்றார் மலேரியா சார், உற்சாகம் தாங்காமல்.

ஊற்று எங்கள் ஃப்ளாப்பிதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. விஷயம் தெரிந்தால் மாமா கல்பனாவைப் பம்பாய் அத்தை வீட்டுக்கு ரயிலேற்றிவிடுவார். அங்கே அவளுக்கு வரன் பார்க்க ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் சார் எங்கள் வீட்டுக்கு வந்து டிராயரிலிருந்த ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மஞ்சள் ஃப்ளாப்பி உள்ளே போனதும் மருந்து கீச்சென்று அலறியது. வெளியே எடுத்துத் திருப்பினார். மேலே சின்னதாக ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கர்.

"தம்பி, இதே ஸ்டிக்கர எதிர் வூட்லயும் பாத்தேனே?"

என் கண் தானாக ஜன்னல் பக்கம் போயிற்று. சார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். எதிர்மாடியில் கல்பனா ஒரே துண்டை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டு எங்கள் ஜன்னலையே பார்த்தபடி நின்றாள். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அட முருகா!" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பிறகு பூச்சியைக் கொன்று, ஃப்ளாப்பியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை. தெருவுக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மாமா, நடுவில் சார், சுற்றிலும் தெருவே கூடி நிற்கிறது. மாடியில் கல்பனா முகம் வெளிறி நிற்கிறாள்.

"சொல்லும் ஓய்! எந்தாத்து ஃப்ளாப்பி?"

சார் பையைத் திறந்து தம் மருந்து ஃப்ளாப்பியை எடுத்து உயர்த்திக் காட்டினார். "ரெண்டு வூட்டுக்கும் போன ஃப்ளாப்பி இதான் சார். பூச்சி இதுலதான் இருந்துச்சு. தப்பு என்னுது."

ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். "ஊரெல்லாம் வியாதியப் பரப்பினதே நீர்தானா?" என்று அப்பாவும் மாமாவும், மோட்டார் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக ஒரே கட்சியில் நின்று அவரைத் திட்டினார்கள். மறுநாள் சார் மீசை இல்லாமல் பால் வாங்கப் போனார். தெரு சிரித்தது. அதோடு யாரும் அவரை வீட்டுக்குள் கூப்பிடவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய், "ஏன் சார் பொய் சொன்னீங்க? நான் உண்மையச் சொல்லிடறேன்" என்றேன்.

"சும்மா கெட!" என்று அதட்டினார். "என் பேர் போனா இன்னா தம்பி? நாலு நாள் சிரிச்சிட்டு வுட்டுடுவானுங்க. பொண்ணு பேர எடுத்தா வுடுவானுங்களா?"

மொழுமொழுவென்றிருந்த மேலுதட்டைத் தடவிக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பிறகு தெருவுக்குப் புதுக் குழாய் வந்தது, மோட்டார் சண்டை ஓய்ந்தது, நானும் கல்பனாவும் வாயைத் திறந்தோம், ஃப்ளாப்பி விஷயத்தைத் தவிர. எப்படியோ கல்யாணம் நிச்சயமாயிற்று. முகூர்த்தத்தன்று மண்டபத்தின் கடைசி வரிசையில் சார் ஒடுங்கி உட்கார்ந்திருந்ததை மாமா பார்த்துவிட்டார்.

"அந்த ஃப்ளாப்பி மனுஷனை யாருடி இங்க கூப்பிட்டா?" என்று பெண்ணின் காதில் சீறினார்.

கல்பனா மாலையும் கழுத்துமாக எழுந்து போய், எல்லோரும் பார்க்க சாரின் காலில் விழுந்தாள். கையைப் பிடித்து அழைத்து வந்து முதல் வரிசையில் உட்கார வைத்தாள். அப்புறம்தான் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான்பா கூப்பிட்டேன். எனக்காக நடுத்தெருவுல நின்னு திட்டு வாங்கினவர் இவர் ஒருத்தர்தான்."