பிலாத்துவின் மீசை

கொட்டாஞ்சேனை,
குருத்து ஞாயிறுக்கு மறுநாள்.

அன்புள்ள பேதுரு அத்தானுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம், என் மேலுதட்டைத் தவிர. டொரொன்டோவில் நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க அந்தோனியாரை வேண்டுகிறேன்.

நம் கோயில் திருப்பாடுகளின் நாடகத்தில் இருபத்திரண்டு வருடமாய் நான்தான் ரோம ஆளுநர் பிலாத்து. துறைமுகத்தில் பென்சன் எடுத்த பிறகு என்னை நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பது அந்த ஒரு காட்சியில்தான். இந்த முறை நாடகம் பழக்க வந்தவர் மெல்ரோய், கம்ப்யூட்டர் படித்த பிள்ளை. ரோமர் மீசை வைப்பதில்லை என்று கூகிள் அவருக்குச் சொல்லிவிட்டது. ரோமப் படைவீரர் ரப்பர் செருப்புடன் நிற்பதைப் பற்றிக் கூகிள் வாயே திறக்கவில்லை. சரி, கலைக்காகத் தியாகம் செய்வோம் என்று சலூனுக்குப் போனேன். சலூன்காரர் மூன்று தரம் "ஷுவர்த மாத்தயா?" என்று சிங்களத்தில் உறுதி கேட்டார். மூளையுள்ள மனுசன். மழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் மெற்றில்டா என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இந்தச் சின்ன வாயாலயோ இவ்வளவு காலமும் என்னோட சண்டை பிடிச்சனீங்கள்?" என்கிறாள். ஒத்திகையில் நான் தீர்ப்புச் சொல்ல, சனக்கூட்டமாய் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மெல்ரோய் என்னைத் தனியே கூப்பிட்டு, "அங்கிள், குறை நினைக்காதீங்க, மீசை இல்லாம உங்கட முகத்தில அதிகாரம் காணாது" என்றார். வேடம் றொஹானுக்குப் போனது. வங்கியில் வேலை, நல்ல உயரம், மீசை முளைக்காத முகம். ஆகவே அவனுக்கு ஒட்டு மீசை! இப்போது கூகிள் எங்கே போனது என்று நான் கேட்டேனா? எனக்குத் திரை இழுக்கும் வேலை.

நேற்று முதல் காட்சி. திரைக்கயிற்றைப் பிடித்தபடி, சொல்ல வெட்கமில்லை அத்தான், கண் கலங்கித்தான் நின்றேன். றொஹான் கை கழுவக் குனிந்தான். வியர்வையில் மீசை கழன்று கிண்ணத்துக்குள் விழ, பதறிப்போய் அதையும் சேர்த்துக் கழுவினான். கோயில் வளவே சிரித்தது. இயேசுவாய் நின்ற மெல்ரோயின் தம்பியும் சிரித்தான். நான் மட்டும் சிரிக்கவில்லை, திரை மூடும் வரைக்கும்.

இனி இந்த ஊரில் எனக்கென்ன வேலை? வரச்சொல்லி வருடக்கணக்காய்க் கூப்பிடுகிறீர்கள். உடனே டிக்கெட் போடுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் பறந்துவிட வேண்டும். நாடகம் என்ற சொல்லையே இனி யாரும் என்னிடம் எடுக்கக்கூடாது.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மாதாவின் காவல் உங்கள் வீட்டில் தங்கட்டும்.

மீசையிழந்த மைத்துனன்,
சூசைதாசன்

பி.கு.: டிக்கெட் வேண்டாம். மெல்ரோய் இப்போதுதான் வந்து போனார். பெரிய வெள்ளிக் காட்சிக்கு நான்தான் பிலாத்து. அந்த ஒட்டு மீசை எங்கள் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காய்கிறது. கண்ணாடிக்கு முன்னால் உதட்டில் வைத்துப் பார்த்தேன். மெற்றில்டாவிடம் சொல்லிவிடாதீர்கள், என்னுடையதைவிட இது நன்றாகத்தான் இருக்கிறது.