சுமாத்திரா வழியாகப் போகும் மழை

பஸ்ஸுக்கு நேரம் சொல்லச் சம்பளம் வாங்கிக்கொண்டு, மழைக்கு நேரம் சொன்ன மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. சனம் அவரைச் 'சுமாத்திரா அண்ணை' என்றுதான் கூப்பிட்டது.

நான் அப்போது ஸ்கந்தபுரத்தில் கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சர். தினமும் அவர் நேரம் சொல்லும் கூண்டுக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்று காய்ந்தவன்.

"அண்ணை, ஸ்கந்தபுரம் பஸ் எத்தினை மணிக்கு?"

"வரேக்க வரும். நான் என்ன றைவரே?" என்று சீறுவார்.

"சரி, மழை?"

அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிடும். "உது இப்ப மாலைதீவுக்கு அங்கால நிக்குது, தம்பி. ஆபிரிக்காப் பக்கத்தால வெளிக்கிட்டு, இந்து சமுத்திரத்தால வந்து, எங்களை நனைச்சுப்போட்டு, சுமாத்திராவால பசிபிக்குக்குப் போகும். உலகத்தைச் சுத்தித் திரும்பி வர நாப்பது அம்பது நாள். வந்தா மழை, போனா வெயில். ரூட் பஸ்தான், வேறொண்டுமில்லை."

இந்த ஞானம் அவருக்கு வந்த கதை சுருக்கமானது. வளிமண்டலத் திணைக்கள அதிகாரி ஒருவர் ஒருநாள் முல்லைத்தீவுக்குப் போகவென்று வந்தார். பஸ் வரவில்லை. பொழுது போகாமல், பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகரும் மழைக் கூட்டத்தைப் பற்றி அவர் பாவம் கதைத்துவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு அனுபவித்தது நாங்கள்.

ஒலிபெருக்கி வேறு அவர் கையில் இருந்தது. "சுமாத்திரா ஊடாகப் பசிபிக் செல்லும் மழை மாலைதீவில் இருந்து புறப்பட்டுவிட்டது. பயணிகள் மிளகாய் காயப்போட வேண்டாம்!" சந்தையில் பெண்கள் விழுந்தடித்து மிளகாயை அள்ளுவார்கள். அன்றைக்கென்று வெயில் மண்டையைப் பிளக்கும். "உன்ர சுமாத்திராவில இடி விழ!" என்று வாங்கிக் கட்டிக்கொள்வார். ஆனால் ஒரு கார்த்திகையில் சொன்ன நாளில் கொட்டியது பாருங்கள், மனிதர் குடை இல்லாமல் மாப்பிள்ளை மாதிரி பஸ் நிலையத்தைச் சுற்றி நடந்தார்.

எண்பத்து மூன்று தைமாதம் பெருமாள் வந்து கூண்டுக்கு முன்னால் நின்றார். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத் தோட்டத்தை விட்டு வந்து, ஸ்கந்தபுரத்தில் அடுத்தவர் வயலெல்லாம் வெட்டிக் கொடுத்தவர். இப்போதுதான் காட்டோரத்தில் சொந்தமாக ஒரு துண்டு விதைத்திருந்தார். நெல் நன்றாக விளைந்து நின்றது.

"ஐயா, மழ எப்பங்க?"

"வாற வெள்ளி. அதுக்குள்ள வெட்டிப்போடும்."

பெருமாள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். "எப்புடிங்க? நானும் சம்சாரமும்தான். மத்தவங்களுக்கு மாமன் மச்சான் வந்து வெட்டுறாங்க. எங்களுக்கு இங்க யாருங்க இருக்கா? நெல்லு நனைஞ்சா இந்த வருசம் கஞ்சிக்கும் இல்லீங்க."

சுமாத்திரா அண்ணை ஸ்கந்தபுரம் பஸ் றைவரைக் கூண்டுக்குள் கூப்பிட்டுக் காதோடு காதாக ஏதோ கதைத்தார்.

அடுத்த நாள் ஸ்கந்தபுரம் பஸ்ஸில் அவரே ஏறினார். பஸ் நிறைய சந்தைக்குப் போய்த் திரும்பும் சனம். பெருமாளின் வயலடியில் பஸ் நின்றது. றைவர் இறங்கி, பெரிய துக்கத்தோடு இஞ்சினைத் திறந்து பார்த்தார்.

"இஞ்சின் சூடு. ஆறவேணும். எல்லாரும் இறங்குங்கோ," என்றார் அண்ணை. "இறங்கினவை சும்மா நிக்காதேங்கோ. வெள்ளிக்கிழமை மழை. உந்த வயலை வெட்டுவம்."

"எட, என்ர மீன் நாறப்போகுதடா!" என்று கத்தினா மீன்காரி அக்கா.

"மீனை நிழல்ல வையுங்கோ அக்கா. நீங்களும் ஒரு தாக்கத்தி எடுங்கோ."

அக்கம்பக்க வீடுகளிலிருந்து அரிவாள்கள் வந்தன. முணுமுணுத்தபடி இறங்கிய சனம் வயலில் கால் வைத்ததும் மாறிவிட்டது. உழவர் அல்லவா, விளைந்த கதிரைக் கண்டால் கை சும்மா இருக்குமா? எல்லோரையும் முந்தி வெட்டியது மீன்காரி அக்காதான். நான் கட்டிய கட்டு ஒவ்வொன்றும் தூக்கியவுடன் அவிழ்ந்தது. பெருமாளின் மனைவி மெதுவாக வாங்கி வைத்தா. "சார், நீங்க எல்லாருக்கும் தண்ணி குடுங்க, போதும்."

மீன் உண்மையிலேயே நாறப் பார்த்தது. அதனால் பெருமாள் வீட்டு அடுப்பில் ஏறி எங்கள் எல்லோருக்கும் குழம்பாகியது. பொழுது சாயக் கடைசிக் கட்டும், கதிர்க் கட்டுகளை அடுக்கிய சூட்டில் ஏறியது. நெற்கதிர்க் குவியலைப் பெருமாள் சுற்றிச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தார். தள்ளாமல் ஒருநாளும் ஸ்டார்ட் ஆகாத அந்த பஸ், ஒரே உறுமலில் கிளம்பியது.

வெள்ளிக்கிழமை வந்தது. மழை வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. தைமாதம் முழுக்க வானத்தில் ஒரு பொட்டு முகில் கிடையாது.

"அண்ணை, சுமாத்திரா எங்க நிக்குது?" என்று கொண்டக்டர்கள் கூடச் சீண்டினார்கள்.

"றேடியோவில சொல்லுறாங்கள், பசிபிக்கில கடல் சூடேறிப் போச்சாம். மழையெல்லாம் அங்கதான் கொட்டுதாம். எங்கட பஸ்ஸை வேற ரூட்டுக்கு மாத்தினா நான் என்ன செய்யிறது?" என்றார். குரலில் சுரத்து இல்லை. ஒலிபெருக்கி வாயே திறக்கவில்லை.

ஒருநாள் சைக்கிளில் என் கடைக்கு வந்தார். "தம்பி, நீரும் வாரும். பெருமாளிட்டை ஒரு கதை சொல்லவேணும்." எத்தனை பஸ் பிந்தியும் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்காத மனிதர், வராத மழைக்காக மன்னிப்புக் கேட்கப் போனார்.

"பெருமாள், நான் அவசரப்படுத்திப்போட்டன். இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தா நெல்லு நல்லா முத்தியிருக்கும்," என்றார், தலையைக் குனிந்தபடி.

பெருமாள் பதறிப்போனார். "மழ வராட்டி என்னாங்க ஐயா? அத்தன சனம் வந்துச்சே! இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து எங்க வாசலுக்கு யாருங்க வந்தா? இப்ப அந்த மீன்காரம்மா வாராவாரம் வந்து உக்காந்து பேசிட்டுப் போறாங்க."

அண்ணை சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, "சரி சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று சைக்கிளை எடுத்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் பஸ்ஸுக்கு நின்றுவிட்டேன். நேரத்துக்கு வந்த பஸ் ஒன்றுகூட ஞாபகமில்லை. அந்த மனிதர் வயலடியில் நிறுத்தி வைத்த பஸ்ஸை மட்டும் இன்னும் நெஞ்சில் வைத்திருக்கிறேன்.