வெங்காயத் தோலில் வந்த ஒளி

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய பெயின்ட் கடையில் திடீரென்று அருள் இறங்கிவிட்டது. வாசல் முழுக்கக் கறுப்புக் கண்ணாடிக் கூட்டம். எல்லாரும் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். உள்ளே ஒளிக்கண்ணர். போன வருடம் வரை அங்கேயே பெயின்ட் விற்றவர்தான். ஞானம் எப்போது வந்தது என்று கேட்கக் கூடாது. கேட்டால் கண் போய்விடுமாம்!

"டாக்டருங்க அவசரத்துல பாதித் தோலை உள்ளேயே விட்டுடறாங்க. மிச்சத்தை நான் எடுக்கறேன்" என்பார். இமையை அழுத்துவார், முணுமுணுப்பார், இழுப்பார். விரல் நுனியில் மெல்லிய வெள்ளைத் தோல்! கண் எரியும், நீர் கொட்டும். "சக்தி வேலை செய்யுது" என்று கூட்டமும் சேர்ந்து அழும்.

தையல்காரரும் அங்கேதான் போனார். ஆபரேஷன் செய்த கண்ணில் சில நாளாக மின்னல் வெட்டியது. இப்போது ஓரத்திலிருந்து கறுப்புத் திரை இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, மின்னல் தெரிஞ்சா, திரை மறைச்சா உடனே ஓடி வாங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்களே! விழித்திரை பிரிஞ்சா பார்வையே போயிடுமாமே!" என்று மனைவி பதறினாள்.

"சும்மா இரு. இன்னும் கொஞ்சம் தோல்தான் பாக்கின்னு ஐயா சொல்லிட்டார்."

வெளியூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் மறுநாளே வந்து இறங்கினார்.

"மாப்ளே, ஐயா முன்னாடி நான் உட்கார்றேன். நீங்க வாயே திறக்கக் கூடாது. பார்த்துக்கிட்டே இருங்க."

பெயின்ட் கடையில் அண்ணன் எதிரே உட்கார்ந்ததும் ஒளிக்கண்ணர் கேட்டார்: "எந்தக் கண்ணு?"

"இடது கண்ணுங்க. அதுல ஒண்ணுமே தெரியல."

அழுத்தினார், இழுத்தார். வந்தது தோல்! "அப்பப்பா, என்ன தடிப்பு! எரியுதா?"

"இல்லீங்களே."

"அவ்வளவு சுத்தமாயிடுச்சு! நாளைக்குப் பார்வை வந்துடும்."

அண்ணன் கீழிமையை இழுத்தார். கண் உள்ளங்கையில் வந்து விழுந்தது. முன்வரிசை அலறியது.

"பொறி தெறிச்சுப் போன கண்ணுங்க. இது பிளாஸ்டிக். இதுக்குள்ள எந்த டாக்டர் தோலை விட்டுட்டுப் போனாரு?"

கூட வந்த தங்கை அந்தத் தோலைப் பிடுங்கி முகர்ந்தாள். "அட பாவி! வெங்காயம்!"

பக்தியில் அழுததாக நினைத்தவர்கள் எல்லாம் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். ஒளிக்கண்ணர் பின்கதவு வழியாக, காலி டப்பாக்களை உருட்டிக்கொண்டு ஓடினார். ஞானக்கண்ணுக்கு அந்த டப்பாக்கள் தெரியவில்லை, பாவம்!

தையல்காரர் நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "பாதி முகம் தெரியலடி."

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் விழித்திரையை ஒட்டவைத்தார்கள். மிச்சமிருந்த பார்வை பிழைத்தது. தோலுக்காகக் காத்திருந்த நாட்களில் போனது போனதுதான்.

பெயின்ட் கடை வாசலில் மட்டும் இன்னும் ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "பிளாஸ்டிக் கண்ணுலயே தோல் எடுத்தாருன்னா, எப்பேர்ப்பட்ட சக்தி பாருங்க!"

ஐயா, விழித்திரை பிரிந்தால் ஒட்டவைக்க டாக்டர் இருக்கிறார். கழற்றி வைத்த மூளையை நீங்களேதான் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்.