ரோஸ் ஆகாத ஊறுகாய்

படித்ததையெல்லாம் நாலு பேர் முன்னால் காட்டிவிடத் துடிக்கிற வயது ஒன்று உண்டு. எனக்கு அது இருபத்து மூன்றில் வந்தது. (முழுசாகப் போய்விட்டது என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.)

வேதியியல் முதுகலை முடித்த கையோடு குழித்துறையில் ஒரு ஊறுகாய் கம்பெனியில் சேர்ந்தேன். ஆய்வகம் என்றால் ஒரு மேஜை, ஒரு பியூரெட், நான். அந்த வாரமே ஏற்றுமதிக்காரர் ஒருவர் வந்து, மாங்காய் ஊறுகாயில் அமிலம் எவ்வளவு என்று தன் கண் முன்னால் அளந்து காட்டச் சொன்னார். சரியாக இருந்தால்தான் ஆர்டர்.

"பத்து நிமிஷம் சார்" என்றேன்.

கல்லூரியில் நான் அளந்ததெல்லாம் தெளிந்த கரைசல். சொட்டுச் சொட்டாகக் காரம் விட வேண்டும் (மிளகாய்க் காரம் இல்லை, சோடியம் ஹைட்ராக்சைடு). அமிலம் தீர்ந்ததும் நிறங்காட்டி ரோஸ் ஆகும். நிறுத்திக் கணக்குப் போடலாம். அதே நினைப்பில் ஊறுகாயை அரைத்துத் தண்ணீரில் கலக்கி, பியூரெட் குழாயைத் திறந்தேன்.

மஞ்சள் பழுப்பானது. பழுப்பு சிவப்பானது. ரோஸை மட்டும் காணோம். பியூரெட் காலியானது, மறுபடி நிரப்பினேன். கடைசியில் வந்த கணக்குப்படி அந்த ஊறுகாயைத் தொட்டவர் விரல் வெந்திருக்க வேண்டும். மதியம் அதைத் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டிருந்த ஏற்றுமதிக்காரர் தன் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மசாலா கலக்கும் தங்கமணி அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, இது என்ன, ஆரத்தியா கரைக்கிய?"

ஏற்றுமதிக்காரர் சிரித்துவிட்டார். எனக்குக் காது சுட்டது.

"மஞ்சளுல சுண்ணாம்பு பட்டா செவக்கும்லா. நீ விடுகதும் சுண்ணாம்பு சாதிதானா?"

அதேதான். மஞ்சளே ஒரு நிறங்காட்டி. பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம்! அந்தச் சிவப்பில் என் ரோஸ் எப்போதோ மூழ்கிப்போயிருந்தது.

"இப்ப என்னக்கா செய்ய?" (பாதி அழுகை.)

"மஞ்சள் எண்ணெயோடல்லா ஒட்டிக் கெடக்கும்? புளிப்பு வெள்ளத்துல வந்திரும். நல்லா வெள்ளம் விட்டு, துணியில வடிச்சு எடு மக்கா." (அக்கா பேச்சில் தண்ணீர்தான் வெள்ளம்.)

துணிக்குப் பதில் வடிதாளை வைத்தேன். (என் முதுகலைப் பட்டத்தின் மொத்தப் பங்களிப்பு.) வெளிர் மஞ்சளாக வடிந்தது. அக்கா அதில் கொஞ்சத்தைக் காரம் விடாமல் இன்னொரு குடுவையில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தாள். "ரவிக்கைத் துணி எடுக்கும்போ சேலையப் பக்கத்துல வச்சுத்தானே பாப்போம்?"

நிறம் மாறிய சொட்டில் இரண்டு பேரும் சேர்ந்தே "நிறுத்து!" என்று கத்தினோம். மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் ஒரே அளவு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் அவள். நான் பக்கம் பக்கமாகப் படித்ததை அவள் புரிந்து வைத்திருந்தாள்.

ஆர்டர் கிடைத்தது. அடுத்த வருஷம் தன் தம்பிக்கு என்னைப் பெண் கேட்டு வந்தாள் தங்கமணி அக்கா. கல்யாணத்தன்று ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்று, ஊரே கேட்கும்படி, "ஏட்டி, உள்ள வாறியா, இது ரோஸ் ஆகட்டும்னு நிக்கியா?" என்றாள்.

இன்றும் எங்கள் வீட்டில் யார் எதற்குத் தயங்கி நின்றாலும், என் ஆறு வயது மகள்கூடக் கேட்பது இதைத்தான்: "ரோஸ் ஆகட்டும்னு நிக்கியா?"