உரிய வழியாக ஓர் உறுமல்

ஒரு வீட்டில் உறுமல் போதவில்லை என்பது எந்தக் காலத்திலிருந்து குறையாகக் கருதப்படுகிறது என்பது பற்றி முறையான ஆய்வு எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் குறையைக் கண்டுபிடித்தவன் மச்சான். "அத்தான், டி.வி.யில யானை வருது. வீட்டுக்குள்ள வரலையே" என்றான்.

மறுவாரமே சப்வூஃபர் வந்தது. உறுமலுக்கென்றே செய்த ஒலிபெருக்கி; முக்காலி அளவில் கறுப்புப் பெட்டி. மனைவியின் தையல் மிஷின் பால்கனிக்குப் போக, அது இருந்த மூலையில் பெட்டி அமர்ந்தது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இது வாயைத் திறக்கலைன்னா, மூலை எனக்கு" என்றாள் மனைவி.

பெட்டியோடு வந்த கேபிளை மச்சான் இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டான். அவன் கொண்டுவந்தது கட்டைவிரல் பருமன். மேலே ஓர் அம்புக்குறி.

"இந்தப் பக்கமாத்தான் சத்தம் போகும்."

"திருப்பி மாட்டினா?"

"போகும். ஆனா மனசில்லாம போகும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் அலுவலகத்தில் கூரை இடிந்து விழுந்தாலும், சத்தம் உரிய வழியாக வந்தால்தான் காதில் விழும்.

மாட்டினோம். சத்தம் இல்லை. "புது கேபிள், பழகணும்" என்றான் மச்சான். தகுதிகாண் பருவம் என்று புரிந்துகொண்டேன்.

ஞாயிறு மாலை, மனைவி மிஷினைத் தூக்க எழுந்தபோது தரை அதிர்ந்தது. டம்ளர்கள் கிணுகிணுத்தன.

"திறந்துடுச்சு!" மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். "என்ன ஆழம், பாத்தீங்களா?"

"ஏண்டா, செய்தி வாசிக்கிறவளுக்கு எதுக்கு இந்த உறுமல்?"

"செய்தியோட அடித்தளம்க்கா."

எனக்கும் ஆழம் தெரிந்தது. தெரியாவிட்டால் கோளாறு என் காதில் என்றாகிவிடும் அல்லவா?

சற்று நேரத்தில் குடியிருப்போர் சங்கத் தலைவர் வந்தார். ஓய்வுபெற்ற உயர் அதிகாரி. "கட்டடமே ஆடுது சார். உங்க பெட்டிதான் காரணம்னு தீர்மானம் போட்டாச்சு."

"விசாரிக்காமலா?"

"அதுக்குத்தானே வந்திருக்கேன்."

அப்போது மனைவி பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஓர் ஒயரைத் தூக்கிக் காட்டினாள். சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. "என்னங்க, இதுக்குத் தனியா கரண்ட் வேணும்போல. பிளக்கைச் சொருகவே இல்லையே!"

உறுமல் மட்டும் நிற்கவில்லை. கீழே பேரிங் தேய்ந்துபோன சங்கத்துத் தண்ணீர் மோட்டாரிலிருந்து, குழாய் வழியே, மேல்மாடியில் இருக்கும் எங்கள் வீடு வரை ஏறி வந்துகொண்டிருந்தது.

மனைவி சிரித்துக்கொண்டே பால்கனிக்குப் போனாள். தலைவர் என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் கேபிளைப் பார்த்தான்.

"மோட்டார்னு எழுதினா என் தலைதான் உருளும்" என்றார் தலைவர் மெதுவாக.

"காரணம் பெட்டி இல்லைன்னு எழுதினா மூலை போயிடும்" என்றேன் அதைவிட மெதுவாக.

ஆணை பிறந்தது: "மேற்படி சப்வூஃபரைத் தண்ணீர் ஏற்றும் நேரங்களில் மட்டும் இயக்க இதனால் அனுமதி வழங்கப்படுகிறது." எழுத்தில் வந்ததை மனைவியால் என்ன செய்ய முடியும்? மிஷின் பால்கனியிலேயே நின்றது.

போன வாரம் மோட்டார் எரிந்துபோனது. காலையில் உறுமலும் இல்லை, தண்ணீரும் இல்லை. கதவைத் திறந்தால் படிக்கட்டு முழுக்க வாளிகள்.

"சார், இன்னைக்கு சப்வூஃபர் போடலையா? தலையில சோப்போட நிக்கிறோம்!"

முன்வரிசையில் தலைவர். கையில் வாளி.

முதல்முறையாகப் பிளக்கைச் சொருகினேன். பெட்டி பிரமாதமாக உறுமியது. குழாய் அசையவில்லை.

"தொட்டிக்குப் பக்கத்துல வெச்சா ஏறுமோ என்னவோ" என்றாள் மனைவி, முகத்தில் சிரிப்பைக் காட்டாமல்.

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனோம். மச்சான் அம்புக்குறியைத் தொட்டிப் பக்கம் திருப்பினான். அங்கே பிளக் சொருக இடமில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் ஒரு வாளியோடு நின்றேன்.

திடீரென்று கீழேயிருந்து ஒரு சத்தம், கடகடவென்று. எங்கள் வீட்டில், பெட்டி காலி செய்த மூலையில் தையல் மிஷின்.

"வந்துடுச்சு!" என்றார் தலைவர்.

வாளிகள் எல்லாம் ஒன்றாக நீண்டன.