சூசையப்பருக்கு நான் அனுப்பிய விண்ணப்பமும் வாவி கடந்த பலகாரப் பெட்டிகளும்

சேசு மரி சூசை முன்னே செல்ல, பின்னே இக்கடிதம்

தாண்டவன்வெளி,
மட்டக்களப்பு.
1961 புரட்டாதி மாதம்.

கொழும்புத் துறைமுகத்தில் கண்ணியமான உத்தியோகம் பார்த்துவரும் என் அருமைத் தம்பி கபிரியேலுக்கு, உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா செசீலியா அன்போடு வரைந்துகொள்வது. ஆண்டவருடைய கிருபையினால் இங்கே நானும் உன் அத்தானும் மகள் மக்டலினும் தேகசுகத்தோடு இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் இருபது வயதை எட்டிவிட்ட மகள் பிலோமினாவும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்பி, நலம் விசாரிக்கும் பகுதியை இத்துடன் நிறைவுசெய்கிறேன். ஏனெனில் சொல்லவேண்டிய சங்கதி பெரிது, தாளோ சிறிது.

சென்ற மடலில் நீ, "அக்கா, மக்டலினுடைய கலியாணத்தை ஆண்டவர் கையில் விட்டுவிடுங்கள்" என்று புத்தி சொல்லியிருந்தாய். அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்ததை மறைக்கமாட்டேன். ஆண்டவர் கையில் விடாமல் யார் கையில் விட்டேன்? சூசையப்பருக்கு நவநாள் தொடங்கியது யார்? மாப்பிள்ளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருக்கவேண்டும், ஓய்வூதியம் உள்ள உத்தியோகமாக இருக்கவேண்டும், தகப்பனார் நாலெழுத்துப் படித்தவராக இருக்கவேண்டும், ஆகையால் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வசிக்கும் மத்தேயு வாத்தியாரின் மகன் டொமினிக்கே பொருத்தமானவர் என்று, புனிதருக்கு எவ்விதச் சிரமமும் ஏற்படாதபடி பெயர், ஊர், உத்தியோகம் யாவற்றையும் நான்தானே தெளிவுபடக் கூறினேன்? விண்ணப்பத்தின் முடிவில், "ஆயினும் உமது சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றும் சேர்த்துக்கொண்டேன். அரசாங்கத்துக்கு மனு எழுதுகிறவர்கள் "தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்" என்று முடிப்பதில்லையா, அந்த மரியாதையின் பொருட்டே அதைச் சேர்த்தேன். அதனால் விளைந்ததைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

நம் பகுதி வழக்கத்தை நீ கொழும்புக்குப் போய் மறந்திருக்கக்கூடும். இங்கே பெண் வீட்டார்தான் பலகாரப் பெட்டிகளோடு போய் மாப்பிள்ளை கேட்பது. மாப்பிள்ளை வீட்டார் பெட்டியைத் திறந்து தாமும் உண்டு அயலுக்கும் பகிர்ந்தால் சம்மதம். திறவாமல் திருப்பினால் இல்லை. அதற்குப் பின் ஒரு பேச்சுக்கும் இடமில்லை. ஆகவே அரியதரம், பயத்தம் உருண்டை, கொக்கிஸ், முறுக்கு முதலியவற்றை நானே அடுப்படியில் நின்று சுட்டுப் பனையோலைப் பெட்டிகளில் அடுக்கினேன். பயணத்துக்குப் புதன்கிழமையைத் தெரிந்துகொண்டேன். அது சூசையப்பருக்குரிய நாள். நடுப்பகலுக்கு முன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று நான் திட்டமிட்டதற்கும் புதன்கிழமை நடுப்பகலில் இராகுகாலம் பிறப்பதற்கும் யாதொரு தொடர்பும் கிடையாது. நாம் கத்தோலிக்கர். வெயில் ஏறிவிடும் என்பதற்காகவே அவ்வாறு திட்டமிட்டேன்.

துறைக்குப் போனால், வாவியைக் கடக்கும் பாதையில், அதாவது அந்தத் தட்டையான பெரிய மிதவையில், ஏற்கெனவே இரண்டு நெல்வண்டிகள் ஏறி நின்றன. இன்னும் ஒரு வண்டிக்கு இடமுண்டு, ஆட்களுக்கு இல்லை என்றார்கள். நான் நிதானமாக யோசித்து, பெட்டிகள் ஏற்றிய எங்கள் வண்டியை வண்டிக்காரன் கோணாமலையோடு முதலில் அனுப்பி, அக்கரையில் காத்திருக்கும்படி கட்டளையிட்டேன். மழை காணாத மாதமாதலால் வாவியில் நீர் வற்றிக் கிடந்தது. பாதை திரும்பி வந்து, என்னையும் உன் அத்தானையும் ஏற்றிக்கொண்டு போய், நட்ட நடு வாவியில் மண்திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஓடக்காரர்கள் கம்பு ஊன்றித் தள்ளினார்கள், இறங்கித் தள்ளினார்கள், தேவமாதாவையும் கண்ணகி அம்மனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுத் தள்ளினார்கள். அது அசையவில்லை. நான் சூசையப்பரை நினைத்து, "புனிதரே, நீர் என் விண்ணப்பத்தைச் சரியாக வாசிக்கவில்லைப்போலும்" என்று மரியாதையாகச் சொன்னேன்.

அவ்வேளையில் தோணியொன்றில் ஓர் இளைஞன் வந்து எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டான். முழங்கால்வரை சேறு, தலையில் ஒரு துவாய்த்துண்டு. துடுப்புப் போடுவதைப் பற்றி நான் சில காலம் சிந்தித்தவளாதலால் பேசாமல் இருக்க இயலவில்லை.

"தம்பி, அந்தப் பக்கம் போடுங்க. இப்பிடிப் போட்டா நாளைக்குத்தான் போய்ச் சேருவம்."

"ஓம் மாமி."

"இஞ்ச பாருங்க, தோணி சாயுது!"

"தோணி சாயல்ல மாமி. நீங்க எழும்பி நிக்கிறீங்க."

உன் அத்தான் சிரித்தார். நான் உட்கார்ந்தேன். எங்கே போகிறீர்கள் என்று அவன் பணிவாகக் கேட்டான். நல்ல காரியத்துக்குப் போகும்போது கண்டவர்களிடம் வாய்திறக்கலாகாது என்பதால் நான் மறுமொழி கூறவில்லை. கரையில் இறக்கிவிட்டு, கூலி வாங்க மறுத்து, "மறுகா பாப்பம் மாமி" என்று விடைபெற்றுக்கொண்டு, மற்றவர்களை ஏற்றத் திரும்பிப் போய்விட்டான்.

அக்கரையில் வண்டியைக் காணோம். முன்னே போய்விட்டதாகச் சொன்னார்கள். விரைந்து நடந்து மத்தேயு வாத்தியார் வீட்டை அடைந்தோம். அவர் கோட்டுப் போட்டுக் கதிரையில் அமர்ந்திருந்தார். வண்டி அங்கும் வரவில்லை. "பெட்டிகள் பின்னால் பவனியாக வந்துகொண்டிருக்கின்றன" என்று சொல்லிச் சமாளித்தேன். நான் மனனம் செய்து சென்ற உரையின் முதல் வாக்கியத்தைத் தொடங்கவும், அடுத்த வீட்டுப் பெண் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"வாத்தியார், திரேசம்மாட மகனுக்கு டவுனில இருந்து கலியாணப் பெட்டி வந்திட்டு! நீங்களும் எடுங்க."

தட்டிலே என் அரியதரம். என் கைப்பட்ட முறுக்கு. தம்பி, பெற்ற பிள்ளையைப் பிறர் இடுப்பில் கண்டதுபோல் இருந்தது எனக்கு. வாத்தியார் ஒன்றை எடுத்துக் கடித்து, கண்ணை மூடி, "நல்ல பதம். ஆரோ கெட்டிக்காரி சுட்டிருக்கிறா" என்றார். இன்னொன்றும் எடுத்தார். உன் அத்தானும் ஒன்றை வாயில் போட்டு, "எங்கட வீட்டு அரியதரம் மாதிரியே இருக்குதே செசீலியா" என்றார். அவருடைய காலை நான் மிதித்தது அங்கே யாருக்கும் தெரியாது. "ஒரு சிறு அலுவல், உடனே திரும்புகிறோம்" என்று கூறி அவரை இழுத்துக்கொண்டு வெளியேறினேன்.

திரேசம்மாவின் வீடு தெருமுனையிலேயே இருந்தது. புதிதாகக் குடிவந்தவர்கள், வாசலின் மேல் பெரிதாக ஒரு வெள்ளைச் சிலுவை. எங்கள் வண்டி அங்கேதான் நின்றது. சக்கரத்தில் சாய்ந்து கோணாமலை வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"கோணாமலை! கரையில நில்லெண்டுதானே சொன்னன்?"

"அம்மா, பன்னெண்டுக்கு ராகுகாலம். நல்ல காரியத்துக்குக் கெட்ட நேரத்தில பெட்டி குடுக்க நான் என்ன மடையனா? வாசல்ல சிலுவை வச்ச வீடெண்டு நீங்கதானே வழி சொன்னீங்க. இந்தா, வச்சிருக்கு. நம்மட மக்டலின் தங்கமான புள்ளயெண்டு நானே நல்லாச் சொல்லிக் குடுத்திட்டன்."

அந்த ஊரில் சிலுவை வைத்த வீடு வாத்தியாருடையது ஒன்றே என்று நான் நினைத்திருந்தேன். வாத்தியார் வீட்டுச் சிலுவையோ மல்லிகைக் கொடியில் மறைந்து கிடந்தது.

தவறைச் சுட்டிக்காட்டிப் பெட்டிகளைத் திருப்பிக் கேட்பதற்குத் தகுந்த சொற்களைத் தெரிந்தெடுத்துக்கொண்டே உள்ளே நுழைந்தேன். அங்கே கைம்பெண்ணாகிய திரேசம்மா திருவிருதயப் படத்தின் முன் முழந்தாளில் நின்று அழுதுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சம்மந்தி, வாங்க. ஊருக்குப் புதுசு, ஆண் துணையில்ல, எங்கட வாசலுக்கு ஆர் பெட்டி கொண்டு வரப்போறாங்கெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். நல்லாச் செபம் சொல்லவும் எனக்குத் தெரியாது. ஆண்டவரே, உமக்கு விருப்பமான புள்ளய நீரே அனுப்பும் எண்டு மட்டும்தான் கேட்டன். இண்டைக்குக் காலமையும் கேட்டன், பகலைக்கு வண்டி வந்து நிக்குது!"

தம்பி, நான் தெரிந்தெடுத்த சொற்கள் ஒவ்வொன்றாக என்னை விட்டுப் போய்விட்டன. என் விண்ணப்பம் நீளமானது, சந்திப்பிழையற்றது. அவருடையதோ ஒற்றை வரி. ஆனால் அந்த ஒற்றை வரிதானே என் விண்ணப்பத்தின் முடிவிலும் இருந்தது! மரியாதைக்காக நான் எழுதியதை ஆண்டவர் மெய்யென்று எடுத்துக்கொண்டார். மேலே உள்ள பத்திகளையெல்லாம் தள்ளிவிட்டு, கடைசி வரியை மட்டும் வாசித்து ஒப்பமிட்டுவிட்டார். ஒப்பம் விழுந்த தாளைப் பறித்துக் கிழிக்க எனக்கு என்ன அதிகாரம்?

நான் அவ்வாறு நிற்கையில் வாசலில் ஈரவேட்டியோடு வந்து நின்றவன், தோணி செலுத்திய அதே இளைஞன். பெயர் தோமஸ். வயல்வட்டையில் சொந்தமாகக் கொஞ்சம் நெற்காணி உண்டு. என்னைக் கண்டதும் பல் தெரியச் சிரித்து, "அம்மா, எனக்குத் துடுப்புப் போடப் படிப்பிச்ச மாமி இவங்கதான்" என்றான். உன் அத்தானோ அதற்குள் முறுக்கும் கையுமாகச் சம்பந்தி வீட்டுக் கதிரையில் வசதியாக அமர்ந்துவிட்டார். பெட்டி திறந்தாயிற்று, ஊரும் தின்றாயிற்று. ஆயினும் மகளைக் கேளாமல் முடிவு சொல்ல மாட்டேன் என்று கூறி வந்தேன்.

வீடு வந்து மக்டலினிடம் நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, அந்தக் கிளாக்கர் மாப்பிள்ள வேணாமெண்டு உங்களிட்ட எத்தின தரம் சொன்னன்? நீங்க காதில போடல்ல. மறுகாதான் நேரா ஆண்டவரிட்டச் சொன்னன்."

"அப்ப தோமஸ்?"

"முதல்ல ஆளைக் காட்டுங்க. உங்கட வாய்க்குப் பதில் சொல்லிப்போட்டும் கரை சேர்த்த ஆளெண்டா பாக்கத்தான் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை தோமஸ் தாயோடு நம் கோயிலுக்குப் பூசைக்கு வந்தார். பூசை முடிந்து இருவரும் வேப்பமரத்தடியில் நின்று பேசினார்கள். என்ன பேசினார்களோ அறியேன், மக்டலின் இருமுறை சிரித்தது மட்டும் எனக்குக் கேட்டது. வரும்போதே, "ஓம் அம்மா" என்றாள். அன்றைக்கே சுவாமியாரைக் கண்டு பேசிவிட்டோம். வருகிற ஞாயிறு கோயிலில் முதலாவது விவாக அறிவித்தல் வாசிக்கப்படும். வீட்டிலே இப்போது ஒரே சிரிப்பும் பாட்டும். நானும் இரண்டொரு தடவை பாடினேன்.

ஆகையால் தம்பி, உன் புத்திமதியை முழுமனதோடு ஏற்றுக்கொண்டேன் என்று இக்கடிதத்தின் மூலம் அறிவிக்கிறேன். இனி என் வாழ்நாளில் எவருக்கும் எதையும் நான் திட்டமிடப்போவதில்லை. நமக்கு நல்லது எதுவென்று படைத்தவர் அறிவார். அவருக்குப் பெயர், ஊர், உத்தியோகம் சொல்லிக்கொடுக்க நான் யார்? அவர் நடத்துகிற தோணியில் எழுந்து நில்லாமல் உட்கார்ந்திருப்பதே என் கடமை.

உன் குடும்பத்தார்மீது ஆண்டவருடைய ஆசீர்வாதம் வாவி நிறைந்த நீர்போல் தங்குவதாக. தேவதாயாருடைய முந்தானை உங்கள் எல்லோருக்கும் நிழலாவதாக. உன் மனைவிக்கு என் அன்பும் பிலோமினாவுக்கு என் முத்தங்களும்.

என்றும் உன்மேல் பட்சமுள்ள அக்கா,
செசீலியா பஸ்தியாம்பிள்ளை

பின்குறிப்பு: மத்தேயு வாத்தியாரை அன்று அப்படியே கதிரையில் விட்டுவந்தது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. நன்றாக ஆராய்ந்து பார்த்தேன். அவர் என் அரியதரத்தைத் தம் வாயால், அதுவும் இரண்டு, உண்டிருக்கிறார். நம் வழக்கப்படி அது சம்மதமே. எந்தப் பெண்ணுக்கு என்பது மாத்திரம் குறிக்கப்படாமல் இருந்தது. ஆகவே நேற்று நானே புதுப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு வாவியைக் கடந்து போய், அந்த இடத்தில் நம் பிலோமினாவின் பெயரை நிரப்பிவிட்டு வந்தேன். கச்சேரி உத்தியோகம், ஓய்வூதியம் உண்டு. புதன்கிழமை குடும்பத்தோடு ரயிலில் புறப்பட்டு வா. பிலோமினாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லவேண்டாம். ஆண்டவரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை.