மருந்து அவசரமில்லை

திருப்பதி,
வெள்ளிக்கிழமை

பொறுமையும் நிதானமும் ஒருங்கே வாய்த்த என் இளவல் கோவர்த்தனனுக்கு, தமக்கை செங்கமலம் எழுதுவது. ஸ்ரீசிட்டியில் நீயும் உன் கம்பெனியும் நலமென நம்புகிறேன். இங்கு உன் மாமா நலம். நான் நலமில்லை, காரணம், நீ வாங்கிக் கொடுத்த சீட்டுக்கட்டு. தொலைபேசியில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய் என்பதால் எழுத்தில் தெரிவிக்கிறேன்.

"எல்லாரும் ஒரே கட்சிக்கா, ஒருத்தருக்கொருத்தர் எதிரியே கிடையாது, குடும்பம் ஒத்துமையா இருக்கும்" என்று சொல்லித்தானே கொடுத்தாய்? அந்த ஒற்றுமையைக் கேள். சென்ற ஞாயிறன்று மோகனப்ரியாவின் வளைகாப்புக்கு நாள் பேச, சித்தூரில் சம்பந்தி வீட்டுக்குச் சென்றோம். காணிப்பாக்கத்தில் மண்டபம் என்று முடிவாயிற்று. சமையல் ஆகும்வரை ஆடலாமென்று உன் கட்டைப் பிரித்தேன். நான், உன் மாமா, மகள், மாப்பிள்ளை சீனு, சம்பந்தி கமலம்மா அனைவரும் ஓரணி. எதிரி, கட்டுக்குள் ஒளிந்திருக்கும் காய்ச்சல். காய்ச்சல் யார் முறையில் வருகிறதோ அவருக்கு யாரேனும் மருந்துச் சீட்டுத் தர வேண்டும். ஒருவர் வீழ்ந்தாலும் அனைவரும் தோற்றோம். காப்புச் சீட்டு என்று ஒன்று உண்டு. அதை வைத்திருப்பவரைக் காய்ச்சல் தீண்டாது. விதித்தாளில் ஒருபக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தெலுங்கு. பள்ளிக்கூடத்து வாசல் மிதிக்காமலே தமிழையும், திருப்பதிக்கு வந்தபின் பேருந்துப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே தெலுங்கு எழுத்தையும் கற்றவள் நான் என்பதை நீ அறிவாய். ஆகவே விதியை வாசிக்கும் பொறுப்பை நானே ஏற்றேன்.

காப்புச் சீட்டு கமலம்மாவிடம் இருந்தது. காய்ச்சலும் அவருக்கே வந்தது. மிச்சமிருந்த ஒரே மருந்து என் கையில். விதி சொல்கிறது: "ரக்ஷண உன்னவாரிகி மந்து அவசரம் லேது." காப்பு உள்ளவருக்கு மருந்து அவசரமில்லை. இதில் என்ன மயக்கம்? உடனே தர வேண்டியதில்லை, அடுத்த சுற்றில் தரலாம்; ஆனால் தந்தாக வேண்டும். வேண்டவே வேண்டாம் என்பது கருத்தானால் அப்படியே எழுதுவதற்கு அவர்களுக்கு என்ன கேடு? மாப்பிள்ளை தாளைத் திருப்பி, ஆங்கிலத்தில் காப்பு உள்ளவரை ஸ்கிப் பண்ணலாம் என்று இருப்பதாகச் சொன்னார். 'லாம்' என்பது அனுமதி, கட்டளை அன்று. இம்முறை தாண்டலாம், எம்முறையும் தாண்டியே தீர வேண்டும் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மாப்பிள்ளை தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அடுத்த சுற்றில் காய்ச்சல் மோகனப்ரியாவுக்கு வந்தது. அவளுக்குக் காப்பு கிடையாது. "மருந்தக் குடும்மா" என்று கையை நீட்டினாள். வாயும் வயிறுமாக இருக்கும் பெற்ற மகள். ஆயினும் அந்த மருந்து அவள் மாமியாருக்குரியது என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு மறுத்தேன். சம்பந்திக்கு இதைவிட மேலான மரியாதையை யார் செய்வார்? மகள் வீழ்ந்தாள், எல்லோரும் தோற்றோம். அண்ணி முறை வைத்து என்னை வதினா என்றழைக்கும் அந்த அம்மையார் சொன்னதைக் கேள்: "எனக்குதான் ரக்ஷண இருக்குதே, மந்து எதுக்கு வதினா? மீரு எழுத்த தெலுகுல படிக்கிறீங்க, அர்த்தத்த தமிழ்ல எடுத்துக்கிறீங்க." எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மோகனப்ரியாவும் சிரித்தாளடா, வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்கிறா. இலை போட்டுக்கினு இருந்தாங்க. நான் எழுந்து வந்துவிட்டேன். பேருந்தில் உன் மாமா தெரிவித்த ஒரே கண்டனம், "துன்னுட்டுக் கோச்சிக்கினு இருக்கலாம்" என்பதுதான்.

அத்தோடும் விடவில்லை. இன்று காலை அலைபேசியில் கமலம்மாவின் செய்தி: "சீமந்தானிக்கி மீ அவசரம் உந்தி வதினா." அதாவது, வளைகாப்பு விஷயத்தில் என் அவசரம் இருக்கிறதாம். நான் அவசரக்காரியாம், அவசரப்பட்டு எழுந்து வந்தேனாம். குத்திக் காட்டுவதற்கும் அதே சொல்லைப் பொறுக்கி எடுத்திருக்கிறார் பார். ஆகையால் அந்த வளைகாப்புக்கு நான் வருவதாக இல்லை. தாயில்லாமலே வளையல் அடுக்கிக்கொள்ளட்டும். தாய்மாமனாகிய நீயும் போகலாகாது. அந்த ஆட்டத்தை அச்சிட்டவர்களுக்கு எழுதி, என் விளக்கமே சரியென்று கையொப்பத்துடன் பெற்று எனக்கு அனுப்ப வேண்டியது உன் கடமை.

உன் இல்லத்தை நோயும் வம்பும் அண்டாதிருக்கவும், உனக்கு வாய்க்கும் சம்பந்திகளேனும் சொல்லின் பொருளறிந்தவர்களாக அமையவும் வாழ்த்தி முடிக்கிறேன்.

இங்ஙனம்,
தன்மானம் குறையாத
செங்கமலம்

பி.கு.: இக்கடிதத்துக்கு உறை வாங்கக் கடைக்குப் போனேன். அங்கே கண்ணாடி வளையல்கள் நன்றாக இருந்தன; நன்றாக இருந்த ஒரே காரணத்தால் இரண்டு டஜன் எடுத்தேன். கடைப் பெண் ஒரு பையைத் தூக்கிக் காட்டி, "கவர் அவசரமா அம்மா?" என்றாள். அவசரப்படுத்துவானேன் என்று, "அவசரம் லேதும்மா" என்றேன். அவள் பையை உள்ளே வைத்துவிட்டு, வளையல்களை வெறுமனே என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டாள். நான் பைக்காகக் காத்து நின்றேன். நிற்க நிற்கத்தான் விளங்கியது, இந்த ஊரில் அவசரம் என்றால் தேவை. வளையல்களை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து அந்தச் செய்தியை மறுபடி வாசித்தேன். 'வளைகாப்புக்கு நீங்கள் வேண்டும், வதினா.' ஆகவே நீ யாருக்கும் எழுத வேண்டாம். சீர்வரிசையோடு முன்கூட்டியே வந்து சேர். 'லாம்' குறித்த என் வாதம் மட்டும் அப்படியே நிற்கிறது. உறை வாங்க மறந்தமையால் இதைப் படமெடுத்து அனுப்புகிறேன். சித்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று உன் மாமா கீழே நின்று கத்திக்கினு இருக்கிறார். இந்த முறை துன்னாமல் திரும்ப மாட்டாராம். சீட்டுக்கட்டையும் எடுத்துக்கொண்டேன். மருந்து மோகனப்ரியாவுக்கு.